தரகு கொள்வோன் பொறுப்பையும் கொள்க!

பங்கு என்னும் சொல்லின் பொருளைக் கடலோர மக்களுக்கு எவரும் வந்து கற்பிக்க வேண்டியதில்லை. வள்ளம் ஒருவனுடையது, வலை மற்றொருவனுடையது, உழைப்போ பலருடையது. மீன் விலைப்பட்டதும் எண்ணெய்ச் செலவும் ஐஸ் செலவும் கழிக்கப்படுகின்றன. எஞ்சியது பங்காகப் பிரிக்கப்படுகின்றது. மீன் படாத நாளிலே வள்ளக்காரனுக்கும் வரும்படி இல்லை. வலை இழுத்தவனுக்கும் வரும்படி இல்லை. இம்முறையிலே சம்மாட்டிமாரின் கை ஓங்கியிருந்தமையும், கடன் என்னும் கயிற்றினால் தொழிலாளி கட்டுண்டு கிடந்தமையும் நாம் அறியாதவை அல்ல. ஆயினும் அதன் அடியிலே ஒரு நியாயம் உண்டு. இலாபத்திலே பங்கு கேட்பவன் நட்டத்திலும் பங்கு ஏற்க வேண்டும் என்பதே அந்த நியாயம்.

இந்த நல்ல சொல்லை இன்று உலகின் புதிய தரகர்கள் களவாடிக் கொண்டனர். "பகிர்வுப் பொருளாதாரம்" என்பது அவர்கள் தம் வாணிபத்துக்குச் சூட்டியுள்ள திருநாமம். வீட்டை வாடகைக்கு விடுவது பகிர்வாம்; வாடகைக்குக் கார் ஓட்டுவது பகிர்வாம்; உல்லாசப் படகை மணிக்கணக்கில் வாடகைக்குக் கொடுப்பதும் பகிர்வாம்! வாடகை என்ற பழஞ்சொல்லுக்கு என்ன குறை வந்தது? அச்சொல்லைச் சொன்னால் சட்டம் நினைவுக்கு வரும். பொறுப்பு நினைவுக்கு வரும். நட்டஈடு நினைவுக்கு வரும். பகிர்வு என்றாலோ நட்பும் நல்லெண்ணமுமே நினைவுக்கு வரும். பெயர் மாற்றத்தின் இரகசியம் இதுதான்.

இவ்வாரம் நாம் படகு வாடகையை எடுத்துக் கொண்டமைக்குக் காரணம் உண்டு. தெருவிலே கார் பழுதுற்றால் இறங்கி நடக்கலாம். கடலிலே இயந்திரம் நின்றால் இறங்கி நடப்பதற்கு இடமில்லை. ஆகவே, பொறுப்பு யாருடையது என்ற கேள்வி வேறெங்கும் எழுவதிலும் கூர்மையாகக் கடலிலேதான் எழுகின்றது.

வாணிபத்தின் வரலாறு

ஐக்கிய அமெரிக்காவிலே போட்செற்றர், கெற்மைபோட் என்னும் நிறுவனங்களும், பிரான்சிலே கிளிக் அன்ட் போட், சாம்போட் என்னும் நிறுவனங்களும் 2012க்கும் 2014க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் அடுத்தடுத்துத் தோன்றின. இவை இணையத்தின் வழியே நடைபெறும் தரகுத் தளங்கள். படகு வைத்திருப்பவர் தம் படகின் படத்தையும் வாடகையையும் தளத்திலே பதிகின்றார். படகு வேண்டுவோர் கைத்தொலைபேசியிலே அதைப் பார்த்துப் பணம் செலுத்துகின்றார். தளம் படகுடையவரின் வாடகையில் ஒரு பகுதியைத் தரகாகக் கழிக்கின்றது. அதன் மேல் சேவைக் கட்டணம் என்ற பெயரிலே படகு எடுப்பவரிடமும் ஒரு தொகை கொள்கின்றது. இரு கரையிலும் வரி வாங்கும் துறைக்காரன் போன்ற நிலை இது. ஆனால் துறைக்காரனுக்கு ஒரு துறையாவது உண்டு. இவர்களுக்கோ ஒரு துறையும் வேண்டியதில்லை. ஒரு கயிறும் வேண்டியதில்லை.

அவர்களுடைய வாதத்தையும் நேர்மையாக எடுத்துரைப்போம். அமெரிக்காவிலே பதிவு செய்யப்பட்ட உல்லாசப் படகுகள் ஒரு கோடிக்கு மேற்பட்டவை. அவற்றுள் மிகப் பல ஆண்டின் பெரும்பகுதியும் துறையிலே கட்டுண்டு கிடக்கின்றன. படகு கடலுக்குப் போகாவிடினும் துறைக் கட்டணம் உண்டு, காப்புறுதி உண்டு, பழுதுபார்க்கும் செலவு உண்டு. வீணே கிடக்கும் படகை வாடகைக்குக் கொடுத்தால் உடையவருக்குச் சுமை குறையும். சொந்தப் படகு வாங்க வகையற்ற குடும்பமும் ஒரு நாள் கடலின்பம் துய்க்கும். இதிலே என்ன தவறு என்று கேட்கின்றனர்.

தவறில்லை என்றே நாமும் சொல்கின்றோம். செல்வர்க்கே உரியதாயிருந்த கடலுலாவை ஓர் ஆசிரியரின் குடும்பமோ, ஒரு தொழிலாளியின் குடும்பமோ ஒரு நாளேனும் அனுபவிப்பதை வெறுப்பவர் நாமல்லர். வாடகைக்குக் கொடுப்பது குற்றமன்று. வாடகையைப் பகிர்வு என்று அழைத்து, அந்தப் பெயரின் மறைவிலே பொறுப்பைக் கழற்றிவிடுவதுதான் குற்றம்.

அமெரிக்கச் சட்டமே சாட்சி

பகிர்வுக்கும் வாடகைக்கும் வேறுபாடு காண்பதற்கு நாம் தத்துவ நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. அமெரிக்கச் சட்டக் கோவையின் 46ஆம் தலைப்பான கப்பற் சட்டமே அதனைத் தெளிவாக வகுத்து வைத்திருக்கின்றது. நண்பர்கள் சேர்ந்து கடலுக்குச் சென்று, எரிபொருளுக்கும் உணவுக்கும் ஆன உண்மைச் செலவைத் தாமாக விரும்பிப் பகிர்ந்து கொண்டால், அது கூலிக்கு ஏற்றிய பயணமாகாது. அதற்கு மேலாக, பயணம் செய்வதற்கு நிபந்தனையாக ஏதேனும் பெறப்படுமானால் அது கூலிப் பயணம். கூலிக்கு ஆள் ஏற்றுபவன் உரிய மாலுமி அனுமதிப் பத்திரம் பெற்றிருத்தல் வேண்டும். ஏற்றும் பயணிகள் ஆறு பேருக்கு மேற்படின், பொதுவாக, படகு கரையோரக் காவற்படையினரால் பரிசோதிக்கப்பட்டுச் சான்றிதழ் பெற்றிருத்தல் வேண்டும்.

பகிர்வு என்றால் என்ன என்பதைச் சட்டம் இங்ஙனம் சொல்லிவிட்டது. செலவைப் பங்கிடுவதே பகிர்வு. அதிலே உடையவனுக்கு இலாபமில்லை. தரகனுக்கு அறவே இடமில்லை. இந்த உரைகல்லிலே உரைத்துப் பார்த்தால் "பகிர்வுப் பொருளாதாரத்தின்" படகுகளுள் எத்தனை தேறும்?

சட்டத்துக்கு வேறொரு வாயிலும் உண்டு. ஆளில்லாத வெறும் படகை வாடகைக்கு எடுத்தல் என்பது அது. அவ்வாறு எடுப்பவர், எடுத்த நேரம் வரையில் சட்டத்தின் கண்ணிலே படகின் உடையவராகவே ஆகிவிடுகின்றார். மாலுமியைத் தெரிந்தெடுக்கும் உரிமை அவருடையது. தன் ஆளையே அமர்த்த வேண்டுமென்று உண்மையான உடையவர் கட்டாயப்படுத்தலாகாது. இம்முறையிலே 12 பயணிகள் வரை செல்லலாம். படகோட்டத் தெரிந்தவர் ஒருவர் படகை முழுமையாகத் தம் கையில் எடுத்துக் கொள்வதற்காக ஏற்பட்ட நியாயமான விதி இது.

இந்த நியாயமான விதி நடைமுறையில் என்னவாயிற்று? புளோரிடாவின் மயாமித் துறையிலே அமெரிக்கக் கரையோரக் காவற்படை சட்டவிரோத வாடகைப் பயணங்களை மீண்டும் மீண்டும் மறித்து வருகின்றது. படகோடு மாலுமியும் முன்னரே சேர்த்துத் தரப்படுகின்றார்; பயணிகளோ துறையிலே நின்றபடி ஒரு தாளிலே கையெழுத்திட்டு, தாம் அறியாமலே அந்த நாளுக்குரிய "படகுடையவர்" ஆகிவிடுகின்றனர். விருந்துக்கு வந்தவன் தலையிலே வீட்டுக்காரனின் கடனை ஏற்றி வைப்பது போன்றது இது. 2018ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலே மயாமியில் அவ்வாறு சட்டவிரோதமாகப் பயணிகளை ஏற்றிய ஒரு பெரிய உல்லாசப் படகின் அருகே நீந்திய இளைஞர் ஒருவர் அதன் இயந்திரச் சுழல்விசிறியில் சிக்கி மாண்டார். படகோட்டிய மாலுமி குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டார். அவர் தண்டனைக்குரியவரே. ஆனால் கூலிக்குச் சுக்கான் பிடிப்பவனை மட்டும் பிடித்தால் இவ்வாணிபம் திருந்திவிடும் என்று எண்ணுவது பேதைமை.

எண்கள் பேசுகின்றன

அமெரிக்கக் கரையோரக் காவற்படை ஆண்டுதோறும் உல்லாசப் படகு விபத்துகளின் கணக்கை வெளியிடுகின்றது. சொந்தப் படகு, வாடகைப் படகு அனைத்தும் அடங்கிய கணக்கு அது. 2023ஆம் ஆண்டிலே இறந்தோர் தொகை 564. மரணத்தின் காரணம் அறியப்பட்டவர்களுள் 75 வீதத்தினர் நீரில் மூழ்கியவர்கள். மூழ்கியவர்களுள் விபரம் தெரிந்தோரில் 87 வீதத்தினர் உயிர்காப்பு அங்கி அணிந்திருக்கவில்லை. படகோட்டியவரின் பயிற்சி பற்றி அறியப்பட்ட மரணங்களில் 75 வீதம், பாதுகாப்புப் பயிற்சி பெறாதவர் ஓட்டிய படகுகளிலே நிகழ்ந்தவை.

கடலிலே கொல்வது பெரும்பாலும் பயிற்சியின்மையும் அசட்டையுமே என்பது இதனால் உள்ளங்கை நெல்லிக்கனியாகின்றது. இத்தகைய இடத்திலே, முன்பின் அறியாத ஒருவர், முன்பின் அறியாத படகை, முன்பின் அறியாத நீர்ப்பரப்பிலே ஓட்டுவதற்கு ஏற்பாடு செய்து கொடுப்பதே இத்தளங்களின் வாணிபம். பிரான்சிலே 6 குதிரைவலுவுக்கு மேற்பட்ட இயந்திரப் படகை ஓட்ட அனுமதிப் பத்திரம் வேண்டும். பாய்மரப் படகுக்கோ வேண்டியதில்லை. சட்டம் இப்படிப் பிரித்துப் பார்த்தாலும் கடல் பிரித்துப் பார்ப்பதில்லை.

சட்டம் செய்ய முடியாது என்று சொல்வோருக்குப் புளோரிடாவே விடை கூறுகின்றது. 2022இல் அங்கே நிறைவேறிய சட்டத்தின்படி, 2023 ஜனவரி முதலாகப் படகை வாடகைக்குக் கொடுப்பவர் மாநிலத்தின் அனுமதியைப் பெற வேண்டும். ஓர் ஆளுக்கு 5 இலட்சம் டொலரும் ஒரு விபத்துக்கு 10 இலட்சம் டொலரும் குறையாத காப்புறுதி வைத்திருக்க வேண்டும். படகைக் கொடுக்குமுன் அதை ஓட்டும் முறையையும் அந்நீர்ப்பரப்பின் இயல்பையும் சொல்லிக் கொடுக்க வேண்டும். அனுமதிக்குக் கட்டணம் கிடையாது. வாணிபத்தைக் கொல்லாமலே ஒழுங்குபடுத்தலாம் என்பதற்கு இது தக்க சான்று. ஆனால் இந்தக் கடமைகள் யாவும் படகைக் கொடுப்பவரையே நாடுகின்றன. பணத்தை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் தரகன் எங்கே?

பழைய கேடயமும் புதிய கேடயமும்

பொறுப்பிலிருந்து தப்பும் கலை புதியதன்று. 1851ஆம் ஆண்டிலே அமெரிக்கப் பாராளுமன்றம் கப்பலுடையோருக்கு ஒரு கேடயம் செய்து கொடுத்தது. உடையவரின் அறிவுக்கும் தொடர்புக்கும் அப்பால் விபத்து நேருமாயின், அவர் கொடுக்க வேண்டிய நட்டஈடு, விபத்துக்குப் பின் கப்பலுக்கு எஞ்சியுள்ள பெறுமதிக்கு மேற்படாது என்பது அச்சட்டம். டைட்டானிக் கப்பலின் உடையவர்கள் அமெரிக்க நீதிமன்றத்திலே பிடித்த கேடயமும் இதுவே. உல்லாசப் படகுடையோரும் இதன் நிழலிலே ஒதுங்கி வந்திருக்கின்றனர்.

2019 செப்டெம்பர் 2ஆம் நாள் கலிபோர்ணியாக் கரைக்கப்பால் கொன்செப்சன் என்னும் சுழியோடிகளின் படகு நள்ளிரவிலே தீப்பற்றி எரிந்தது. 34 பேர் மாண்டனர். அடுத்த சில நாட்களுக்குள்ளேயே படகுக் கம்பனி 1851ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தூக்கிக் கொண்டு நீதிமன்றம் சென்றது. எரிந்து கடலடியிலே கிடந்த படகின் பெறுமதி எவ்வளவு? பூச்சியம்! இக்கொடுமையைக் கண்டு பொதுமக்கள் கொதித்த பின்னரே, 2022ஆம் ஆண்டின் இறுதியிலே, சிறு பயணிகள் கப்பல்களுடையோருக்கு அக்கேடயம் மறுக்கப்பட்டது. 34 உயிர்கள் போன பின் ஒரு சட்டம் திருந்தியது. இனி எத்தனை உயிர்கள் போனால் மற்றச் சட்டங்கள் திருந்தும்?

தரகுத் தளங்களின் கேடயம் புதியது. "நாம் படகுடையோர் அல்லோம், படகோட்டிகளும் அல்லோம், இருவரை அறிமுகம் செய்து வைத்தோம், அவ்வளவே" என்பது அவர்களின் மந்திரம். ஒரு குடும்பம் எடுத்த படகின் இயந்திரம் நடுவழியில் நின்றுவிட்டது என்று வைத்துக் கொள்வோம். உடையவரைக் கேட்டால், "ஒப்பந்தப்படி அந்த நேரம் படகு உங்கள் கையிலே" என்பார். தளத்தைக் கேட்டால், "படகு எங்களுடையதன்று" என்பர். காப்புறுதிக் கம்பனியைக் கேட்டால், நிபந்தனைகள் நிறைந்த நீண்ட தாள் ஒன்றைக் காட்டுவர். மூவரும் பணம் பெற்றனர். பொறுப்பு மட்டும் நாலாமவன் தலையிலே!

அறிமுகம் மட்டுமே செய்கின்றனராம்! பணத்தைப் பெறுபவர் யார்? தளம். பயணம் நிறைவேறும் வரை அதை வைத்திருப்பவர் யார்? தளம். பயணத்தைக் கைவிட்டால் எவ்வளவு திருப்பித் தருவது என்ற விதியை நடத்துபவர் யார்? தளம். படகுடையவரைப் பட்டியலிலிருந்து நீக்கும் அதிகாரம் யாருடையது? அதுவும் தளத்தினுடையதே. இத்தனையும் செய்பவனை அறிமுகம் செய்து வைத்த அயலவன் என்று அழைப்பதானால், கலியாணத் தரகனையே மாப்பிள்ளையின் தகப்பன் என்றும் அழைக்கலாம்.

"காப்புறுதி தருகின்றோமே" என்பர். காப்புறுதி என்பது விபத்துக்குப் பின் வரும் பணம். பொறுப்பு என்பது விபத்துக்கு முன் எடுக்கும் கவனம். முன்னதைக் காட்டிப் பின்னதை மறுப்பது, வைத்தியரை மறுத்துவிட்டுச் சவப்பெட்டியை இலவசமாகத் தருவதற்கு ஒப்பாகும்.

நீதிமன்றங்கள் இந்த மந்திரத்துக்கு எப்போதும் மயங்கினவும் அல்ல. 2017 டிசம்பரிலே ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், ஊபர் வெறும் அறிமுக நிலையமன்று, அது போக்குவரத்துச் சேவையே என்று தீர்த்தது. ஆனால் அதே நீதிமன்றம் 2019 டிசம்பரிலே, வீட்டு வாடகைத் தளமான எயார்பிஎன்பி தகவல் சேவையே என்றும் தீர்த்தது. 2019 மார்ச்சிலே அமெரிக்க மேல்முறையீட்டு மன்றம் ஒன்று, சாந்தா மொனிக்கா நகரில் பதிவு பெறாத வீடுகளுக்கு முன்பதிவு செய்து பணம் பெறுவதைத் தடுக்கும் நகரச் சட்டம் தளங்களைக் கட்டுப்படுத்தும் என்று உறுதி செய்தது. படகுத் தளங்கள் இவற்றுள் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தவை? சட்டமன்றங்கள் மௌனமாயிருக்கும் வரையில் இதை முடிவு செய்யும் செலவு, விபத்திலே பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரின் தலையிலேதான் விழும்.

மற்றொன்றையும் கவனியுங்கள். 2021இல் ஐரோப்பிய ஒன்றியம் பிறப்பித்த கட்டளையின்படி, 2023 ஜனவரி முதலாக, தம் வழியே உழைப்போரின் வருமானக் கணக்கைத் தளங்கள் அரசுக்கு அறிவிக்க வேண்டும். வீட்டு வாடகையோடு எவ்வகை ஊர்தியின் வாடகையும் அதிலே அடங்கும், படகும் அடங்கும். வரி என்றதும் தளம் எங்கே இருக்கின்றது என்பது அரசுகளின் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. உயிர் என்றதும் மட்டும் ஏன் தெரியவில்லை?

உண்மையான பகிர்வு

பகிர்வு என்பது வெறுங்கனவு என்று நாம் கூறவில்லை. பிரான்சின் பிரித்தானிக் கரைக்கப்பாலுள்ள கிளேனான் தீவுகளிலே 1947ஆம் ஆண்டில், நாசிகளை எதிர்த்து நின்ற இயக்கத்தைச் சேர்ந்த வியனே தம்பதிகள் ஒரு பாய்மரப் பள்ளியைத் தொடங்கினர். இலாப நோக்கற்ற சங்கமாக அது இன்றும் நடைபெறுகின்றது. படகு சங்கத்தினுடையது. கற்க வந்தவர்களே சமைக்கின்றனர், சுத்தம் செய்கின்றனர், கடலையும் கற்கின்றனர். அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலே சார்ள்ஸ் ஆற்றங்கரையில் 1946ஆம் ஆண்டிலே அமைந்த பொதுமக்கள் படகுச் சங்கம், செல்வரல்லாதாரின் பிள்ளைகளுக்கும் பாய்மரம் பிடிக்கக் கற்பித்து வருகின்றது.

இவை இரண்டிலும் படகோடு பயிற்சியும் வருகின்றது. பயிற்சியோடு பொறுப்பும் வருகின்றது. கைத்தொலைபேசிச் செயலி பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் முன்னரே, சொந்தப் படகு இல்லாதவனைக் கடலுக்கு அழைத்துச் சென்ற முறைகள் இவை. "எங்களாலேதான் கடல் எல்லோருக்கும் பொதுவாயிற்று" என்று தரகுத் தளங்கள் பெருமை பேசும்போது இவற்றை நினைவிற் கொள்க.

எமக்கென்ன?

மயாமியிலும் பிரான்சிலும் நடப்பது பற்றி நாம் ஏன் அக்கறை கொள்ள வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். வாடகைக் கார்களுக்கும் முச்சக்கர வண்டிகளுக்குமான செயலிகள் 2015 முதலாகவே இந்நாட்டில் நிலைகொண்டுவிட்டன. கடலாற் சூழப்பட்ட ஒரு நாட்டிலே, உல்லாசப் பயணிகளின் பணத்தை எதிர்நோக்கி நிற்கும் ஒரு நாட்டிலே, கரையைத் தரகுத் தளங்கள் விட்டுவைக்கும் என்று எண்ணுவோர் உண்டா?

பொறுப்பாளி இல்லாத படகு என்ன செய்யும் என்பதை அறிய நாம் அமெரிக்காவுக்குப் போக வேண்டியதும் இல்லை. 2021 நவம்பர் 23ஆம் நாள் கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியிலே, பாலம் கட்டி முடியாத நிலையில் மக்களை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்தது. பாடசாலைச் சிறார்கள் உட்பட ஆறு பேருக்குக் குறையாதோர் மாண்டனர். அங்கே செயலியும் இல்லை, தளமும் இல்லை. ஆனால் அனுமதி கொடுத்தவர் யார், கண்காணிக்க வேண்டியவர் யார் என்ற சர்ச்சை, பிணங்கள் அடக்கப்படுமுன்னரே எழுந்துவிட்டது. காசு வாங்க ஆள் இருந்தது. கணக்குச் சொல்ல ஆள் இருக்கவில்லை. இந்த நோய்க்குச் செயலி ஒன்றையும் சேர்த்துவிட்டால் நோய் தீருமா, பெருகுமா?

ஆகவே நாம் கேட்பவை இவை. முதலாவது, பணம் பெற்றுப் படகைக் கொடுக்கும் எதையும் வாடகை என்றே சட்டம் அழைக்க வேண்டும். இரண்டாவது, அனுமதி இலக்கமும் பரிசோதனைச் சான்றிதழும் இல்லாத எந்தப் படகையும் எந்தத் தளமும் பட்டியலிலே சேர்க்கலாகாது. மூன்றாவது, பயணி ஒருவர் கரையை விட்டு நீங்குமுன் பயிற்சியும் உயிர்காப்பு அங்கியும் பெற்றார் என்பதைத் தளம் உறுதி செய்ய வேண்டும். நான்காவது, தரகு வாங்கியவன் நட்டஈட்டுக்குப் படகுடையவனோடு கூட்டாகப் பொறுப்பாளியாக வேண்டும். ஐந்தாவது, படகுகளையும் படகோட்டிகளையும் கொண்ட கரையோரக் கூட்டுறவுச் சங்கங்களே இத்தகைய தளங்களை நடத்துவதற்கு அரசு வழி செய்ய வேண்டும். தரகு வெளிநாட்டுக்குப் போகாமல் கரையிலேயே தங்குவதற்கு அதுவே வழி.

இவற்றை ஏற்றால் வாணிபம் நடவாது என்று தளங்கள் சொல்லுமானால், அவர்களின் இலாபம் எதிலிருந்து வருகின்றது என்பதை அவர்களே ஒப்புக்கொண்டவர் ஆகின்றனர். பொறுப்பை ஏற்காமையிலிருந்து வரும் இலாபம் இலாபமன்று. அது பயணியின் உயிரின் மேல் வாங்கிய கடன். அக்கடனைத் தீர்க்கும் நாளிலே தரகன் கரையிலே நிற்கின்றான். பயணிதான் கடலிலே நிற்கின்றான். சட்டம் யார் பக்கத்திலே நிற்கப் போகின்றது என்பதை நமது பாராளுமன்றத்திலே இருப்போர், முதலாவது பட்டியல் வெளிவருமுன்னர் முடிவு செய்தல் வேண்டும்.